எல்லைப் போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணி

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, கேரளம் தொடங்கிவிடும். இந்த எல்லையை நினைக்கும்போது மறக்கக் கூடாதவர் மார்ஷல் நேசமணி.

1895 ஜூன் 12-ல் பள்ளியாடியில் பிறந்த அவர், சட்டம் பயின்று நாகர்கோவிலில் வக்கீலாக விளங்கினார். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராகி, தமிழ் வழங்கும் தாலுகாக்களைத் தாய்த் தமிழகத்துடன் இணைக்கப் போராடினார். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தமிழர்கள் உயிர் நீத்தனர்.

1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. கேட்ட நெய்யாற்றின்கரை கிடைக்கவில்லை.

நாகர்கோவில் எம்.பி.யாக இருக்கையில், 1968 ஜூன் 1-ல் அவர் காலமானார். கோடு பிரித்தாலும், பாறசாலைப் பக்கத்துக் கிராமங்களில் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லையின் இருபுறமும் நடக்கிறது. அவ்வீடுகளில் தமிழ் நிலைப்பதே அவருக்குச் செலுத்தும் அஞ்சலி.