கொடுமுடிக் குரல்

மலையின் உச்சியைக் கொடுமுடி என்பது தமிழின் பழைய வழக்கு. குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் இடையே, நீலமலைச் சரிவில் வாழும் வெலிங்டன் அன்பர்களுக்கு அச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. சாளரத்தைத் திறந்தால் கண்ணில் படுவது அதுவே. ஆயினும் இக்கட்டுரை பேசவிருக்கும் கொடுமுடி மலையன்று. காவிரிக் கரையில், ஈரோட்டுக்கும் கரூருக்கும் இடையே அமைந்த ஓர் ஊர். தேவார மூவராலும் பாடப்பெற்ற திருத்தலம். அவ்வூரைத் தம் பெயரின் முதலெழுத்தாகத் தாங்கி, அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ் மக்களின் செவியை ஆண்ட கே. பி. சுந்தராம்பாளின் வாழ்வே இங்குச் சொல்லப்படுகிறது.

ஒரு பாடகியின் வாழ்க்கை கவிஞர் கூடும் வட்டத்தின் மலரில் ஏன் இடம்பெற வேண்டும் என்னும் வினா எழக்கூடும். அவர் திரையில் ஏற்ற வேடங்களை வரிசையாக எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். நந்தனார், மணிமேகலை, ஔவையார், கவுந்தியடிகள், காரைக்கால் அம்மையார். தமிழிலக்கியத்தில் இல்லறத்துக்கு வெளியே நின்று பேசிய பெருமக்கள் இவர்கள். இந்த வரிசை தற்செயலாக அமைந்ததன்று. ஒரு பெண்ணின் துயரமும், அத்துயரத்தைச் சமூகம் நடத்திய முறையும், அதை அவர் எதிர்கொண்ட விதமும் சேர்ந்து அமைத்த வரிசை அது.

இளமை

சுந்தராம்பாள் பிறந்த ஆண்டு 1908 என்பர். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூர் வரை வந்து நின்ற நம் மலை இரயில், வெலிங்டனைக் கடந்து உதகைக்கு ஏறியதும் அதே 1908-ஆம் ஆண்டில்தான். இவ்விரு செய்திகளையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுந்தராம்பாளின் கலை வாழ்வும் இரயிலில் தொடங்கியதாகவே அவர் வரலாற்றை எழுதியோர் பலர் கூறுவர். தந்தையை இழந்து, அன்னை பாலாம்பாளின் நிழலில் வறுமையோடு வளர்ந்த அச்சிறுமி, ஓடும் இரயிலில் பாடிச் சில்லறை பெற்றாள். அக்குரலைக் கேட்ட ஒருவர் வழியாக நாடக மேடை அவளுக்குத் திறந்தது என்பது அவர்கள் தரும் செய்தி.

அவர் பெயரின் முன்னெழுத்துகளில் ஒன்று ஊரைக் குறிப்பது. மற்றொன்று அன்னையைக் குறிப்பது. தந்தையின் பெயரையே தலைப்பெழுத்தாகக் கொள்ளும் நாட்டில் இது எண்ணத்தக்கது. ஊரைப் பெயராக்கிய பாடகி உலகின் வேறொரு மூலையிலும் இருந்தார். நம் மலைச்சரிவெங்கும் மணம் வீசும் தைல மரங்களின் தாய்நாடான ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரத்தில், 1861-இல் பிறந்த ஹெலன் மிட்செல் என்பவர் தம் நகரப் பெயரைச் சுருக்கி நெல்லி மெல்பா ஆனார். 1887-இல் பிரசல்ஸ் நகரின் இசை நாடக மேடையேறி, ஐரோப்பா முழுவதும் புகழ் ஈட்டி, 1931-இல் மறைந்தார். அந்நாட்டு நூறு டாலர் நாணயத்தாளில் பின்னர் அவர் உருவம் பொறிக்கப்பட்டது. மெல்பா வசதியுள்ள கட்டடத் தொழிலதிபரின் மகள். விரும்பி அப்பெயரைச் சூடியவர். சுந்தராம்பாளுக்கோ ஊரும் தாயும் அன்றி முன்னே நிறுத்திக்கொள்ள வேறு உடைமை இருக்கவில்லை.

மேடை

அந்நாளைய நாடகக் கொட்டகையில் ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் மண் தரையில் அமர்ந்திருப்பவன் செவிக்கும் சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டும். சேராவிட்டால் கூச்சல் எழும். இந்தக் கடுமையான பள்ளியில் பயின்றதால் அவருக்கு இரண்டு பேறுகள் வாய்த்தன. ஒன்று, உச்ச சுருதியிலும் தளராத குரல். மற்றொன்று, எத்தனை உயரத்தில் பாடினாலும் எழுத்துச் சிதையாத உச்சரிப்பு. லகர ளகர வேறுபாடும் ழகரத்தின் இயல்பும் அவர் வாயில் ஒருபோதும் குழம்பியதில்லை. எழுதப் படிக்க அறியாத மக்களுக்கு அவரே ஏடாக இருந்தார்.

ஸ்பெஷல் நாடகம் என்னும் வகை அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஒரு குழுவைச் சேராத நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து ஓரிரவுக்கென அழைக்கப்படுவர். ஒத்திகை இராது. கதை எல்லாருக்கும் தெரிந்த வள்ளி திருமணமாகவோ கோவலன் கதையாகவோ இருக்கும். எதிரே நிற்பவர் எந்தப் பாட்டை எடுப்பார், எந்தக் கேள்வியைத் தொடுப்பார் என்பது மேடையில்தான் தெரியும். பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல் என்று விடியும்வரை வாதம் நடக்கும். கவியரங்கம் நடத்தும் நமக்கு அதன் அருமை விளங்கும்.

இந்த வகை நாடகங்களுக்குத் தமிழகத்துக்கு நிகரான ஆதரவு இலங்கையில் இருந்தது. சுந்தராம்பாள் இளமையிலேயே அங்குச் சென்று நடித்துப் பெயர் பெற்றார். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் தாயகம் திரும்பி நம் மலைத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் முன்னோர் வாழ்ந்த அந்நாட்டில்தான், அவர் வாழ்வை மாற்றிய சந்திப்பும் நிகழ்ந்தது. கொழும்பு மேடையில் அவருக்கு இணையாக நடிக்க வந்தவர் செங்கோட்டை கிட்டப்பா.

இணையும் பிரிவும்

கிட்டப்பா 1906-இல் பிறந்தவர், சிறுவனாகவே மேடையேறியவர். அவரது குரலின் வேகத்துக்கும் உயரத்துக்கும் ஈடு கொடுக்க அன்றைய மேடையில் எவருமில்லை என்று கருதப்பட்ட காலத்தில், ஒரு பெண் குரல் எதிர் நின்று ஈடு கொடுத்தது. மேடைப் போட்டி அன்பாக மலர்ந்தது, 1927-இல் திருமணமாயிற்று. கிட்டப்பாவுக்கு அதற்கு முன்பே மணமாகியிருந்தது. இருவரும் இணைந்து நடித்த நாடகங்களுக்கு ஊர் திரண்டது. ஆனால் இல்லம் அமைதியாக இல்லை. பிறந்த குழந்தை நிலைக்கவில்லை. கருத்து வேற்றுமை வளர்ந்து பிரிவு நேர்ந்தது. மதுப்பழக்கத்தாலும் நோயாலும் நலிந்த கிட்டப்பா 1933 டிசம்பர் 2-ஆம் நாள் தம் 27-ஆம் வயதில் மறைந்தார். பேசும் படம் தமிழில் வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் உருவம் திரையில் பதியவில்லை. இசைத்தட்டுகளில் குரல் மட்டும் எஞ்சியது.

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. அன்று முதல் வெள்ளாடை உடுத்தினார். அணிகலன்களைக் களைந்தார். எந்த ஆடவருக்கும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். 1980-இல் தாம் மறையும்வரை, 47 ஆண்டுகள், அதனைக் காத்தார்.

இந்த உறுதியைப் பாராட்டிப் பேசுவது நம் மேடைகளின் மரபு. பெண்களுக்கு இலக்கியம் கற்பிக்கும் எனக்கு அப்பாராட்டை அப்படியே வழிமொழிய மனம் ஒப்பவில்லை. இரு மனைவியரோடு வாழ்ந்த ஆடவரைக் குறை சொல்லாத சமூகம், பிரிந்து வாழ்ந்த மனைவியிடம் வாழ்நாள் நோன்பை எதிர்பார்த்தது. அவர் நோன்பில் அன்பு எவ்வளவு, ஊர் வழக்கின் அழுத்தம் எவ்வளவு என்று பிரித்தளக்க நம்மால் இயலாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். கைம்பெண்ணை அறைக்குள் ஒடுக்குவதற்கென்று வகுக்கப்பட்ட வெள்ளை உடையை அணிந்துகொண்டே அவர் மேடைக்குத் திரும்பி வந்தார். ஒடுங்கியிருக்க வேண்டிய கோலத்தோடு ஆயிரக்கணக்கான மக்கள் நடுவில் நின்று உரத்துப் பாடினார்.

துறவு வேடங்கள்

இணையாக நடிப்பதில்லை என்று முடிவு செய்த நடிகைக்கு எஞ்சியிருந்த வேடங்கள் எவை? இவ்வினாவுக்கு அவர் தமிழிலக்கியத்திலிருந்து விடை கண்டார் என்றே சொல்ல வேண்டும். முதலில் ஆண் வேடம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளால் மக்கள் நெஞ்சில் பதிந்திருந்த நந்தனார் கதையை மேடையில் நடித்தார். 1935-இல் அது திரைப்படமானபோது நந்தனாராக நடிக்க அவருக்கு அளிக்கப்பட்ட ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். இந்தியத் திரையுலகம் அதுவரை கேட்டறியாத தொகை அது. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர். கோயில் வாயிலில் தடுக்கப்பட்ட மனிதனின் ஏக்கத்தை, மங்கல நிகழ்ச்சிகளின் வாயிலில் தடுக்கப்படும் நிலையிலிருந்த ஒரு பெண் பாடினார் என்பதை எண்ணும்போது அவ்வேடத்தின் பொருத்தம் புலப்படும்.

1940-இல் மணிமேகலை. காதலை மறுத்து, அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்தவள். இரயிலில் பாடிப் பசியாறிய சிறுமி அந்த அட்சய பாத்திரத்தைக் கையில் ஏந்திய காட்சிக்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

1953-இல் ஜெமினி நிறுவனத்தின் எஸ். எஸ். வாசன் தயாரித்த ஔவையார் வெளிவந்தது. அதன்பின் தமிழ் மக்களுக்கு ஔவை என்றால் சுந்தராம்பாள். சுந்தராம்பாள் என்றால் ஔவை. 1965-இல் திருவிளையாடலிலும் 1967-இல் கந்தன் கருணையிலும் அதே கோலத்தில் அவர் வந்தபோது, மக்கள் நடிகையைக் காணவில்லை, பாட்டியையே கண்டனர்.

இவ்விடத்தில் இலக்கிய மாணவர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். ஔவை ஒருவரல்லர். புறநானூற்றில் 33 பாடல்கள் உட்படச் சங்கப் பாடல்கள் 59 பாடிய ஔவை, அதியமானின் தோழி. அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர். அவனோடு கள்ளுண்டு களித்து, அவன் மறைந்தபோது கதறியவர். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அருளியவர் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். சுந்தராம்பாளின் உருவம் இவர்கள் அனைவரையும் ஒரே மூதாட்டியாக்கி நிலைநிறுத்திவிட்டது. வகுப்பில் சங்க ஔவையை நடத்தும்போது, முதலில் அந்தக் கைத்தடியையும் திருநீற்றையும் மாணவியர் மனத்திலிருந்து அகற்ற வேண்டியிருக்கிறது. இது அவரது கலையின் வெற்றி. அவ்வெற்றியினால் இலக்கியம் இழந்ததும் ஒன்று உண்டு. எனினும் கணக்கைச் சரியாகப் பார்த்தால், புலவர் ஒருத்தி வேந்தர் முன் நிமிர்ந்து நின்றாள் என்னும் செய்தியைப் பள்ளிக்கூடம் காணாத பெண்களுக்கும் கொண்டு சேர்த்தது அந்த உருவமே.

1964-இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகளாகத் தோன்றினார். திரைக்கதை உரையாடலை எழுதியவர் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தலைவர்களுள் ஒருவரான மு. கருணாநிதி. காங்கிரசுக்காரரும் முருகன் அடியவருமான சுந்தராம்பாள் அதில் சமணத் துறவியாக நடித்தார். கொள்கையால் வேறுபட்ட இருவரையும் இளங்கோவடிகள் ஒரு காப்பியத்தில் சந்திக்க வைத்தார். 1973-இல் காரைக்கால் அம்மையார். கணவன் துறந்தபின், உடலின் அழகையே வேண்டாவென உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற புலவரின் முதிர்ந்த பருவத்தை அவர் நடித்தபோது, அவர் வெள்ளாடை உடுத்து 40 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பொதுவாழ்வும் பெருமைகளும்

விடுதலை இயக்கத்தில் சத்தியமூர்த்தி அவரை ஈடுபடுத்தினார். 1937 தேர்தலில் காங்கிரசு மேடைகளில் பேச்சுக்கு முன் அவர் பாட்டுக்கே கூட்டம் சேர்ந்தது. காந்தியடிகள் கொடுமுடியில் அவர் இல்லத்துக்கு வந்ததாகவும், உணவு பரிமாறிய தங்கத்தட்டை அவர் நாட்டுப் பணிக்கே அளித்துவிட்டதாகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. 1951-இல் சென்னை மாநில மேலவை உறுப்பினரானார். திரைக்கலைஞர் ஒருவர் சட்டமன்றத்தின் அவையொன்றில் அமர்ந்தது இந்தியாவிலேயே அதுவே முதன்முறை என்பர். பின்னாளில் தமிழகம் கண்ட நடிக அரசியலின் வாயிலைத் திறந்தவர் வெள்ளாடை உடுத்த ஒரு பாடகி என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

தமிழிசைச் சங்கம் 1966-இல் இசைப் பேரறிஞர் பட்டம் வழங்கியது. துணைவன் படத்தில் பாடியதற்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அப்போது அவர் அறுபது வயதைக் கடந்தவர். 1970-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1980-இல் அக்குரல் ஓய்ந்தது.

கவிஞர்க்கு ஒரு சொல்

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நம் வட்டத்தின் கவிஞர்கள் அவர் வாழ்விலிருந்து கொள்ளத்தக்கவை இரண்டு. முதலாவது, சொல் செவிக்குச் சென்று சேர வேண்டும் என்னும் கவலை. ஏட்டில் எழுதி ஏட்டிலேயே முடியும் கவிதையைக் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்குக் கேட்கும்படி ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள்; நிற்கும் சொல் எது, உதிரும் சொல் எது என்று அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவது, அவருக்கு நாம் செலுத்தாத கடன். மணிமேகலைக்கும் கவுந்திக்கும் காரைக்கால் அம்மைக்கும் தம் குரலைத் தந்த அப்பெண்மணியைப் பாட்டுடைத் தலைவியாகக் கொண்டு எழுந்த கவிதைகளில் பெரும்பாலானவை அவரது நோன்பைத்தான் போற்றுகின்றன. அவர் உழைப்பைப் பாடியவை சிலவே. ஓடும் இரயிலில் கைநீட்டிய சிறுமி, ஒத்திகையற்ற மேடையில் விடியும்வரை வாதாடிய இளம்பெண், மேலவையில் அமர்ந்த உறுப்பினர் ஆகிய மூவரும் இன்னும் கவிதைக்குள் வரக் காத்திருக்கின்றனர். மலைக்கொடுமுடியின் அடியில் கூடும் நம் வட்டம் அடுத்த பத்தாண்டில் அக்கடனைத் தீர்க்கட்டும்.