தாமஸ் மிட்ஜ்லி

மோட்டார் வண்டிக்கு ஆற்றல் மிகுவித்த அறிஞருள் தாமஸ் மிட்ஜ்லி என்பாரும் ஒருவர். அவரால் உலகு பெற்ற நலமும் பெரிது. அடைந்த கேடும் பெரிது. இரண்டையும் ஒருங்கு நோக்குதல் மாணவராகிய நமக்குப் பயன் தருவதாம்.

இவர் 1889-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் அமெரிக்காவில், பென்சில்வேனியா மாகாணத்துப் பீவர் பால்ஸ் என்னும் ஊரிற் பிறந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரநூல் கற்று 1911-இல் பட்டம் பெற்றார். 1916-இல் டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் என்பாரின் ஆய்வுக்கூடத்திற் சேர்ந்தார்.

ஆங்கு அவர் ஆராயப் புகுந்தது இயந்திரத்தின் தட்டொலி. அதன் இயல்பைச் சிறிது விளக்குவாம். சிலிண்டரினுள் பெட்ரோல் ஆவி எரிந்து முடியச் சிறிது காலம் வேண்டும். ஆதலின், பிஸ்டன் உச்சியை அடையுமுன்னரே மின்பொறி எழுதல் வேண்டும். வேகம் மிகுந்துழிப் பொறியை இன்னும் முற்படுத்தல் வேண்டும். ஃபோர்டு கம்பெனியாரின் மாடல் டி வண்டியில் இதற்கென்றே ஒரு கைப்பிடி அமைந்திருந்தது. அளவறிந்து முற்படுத்தின் ஆற்றல் மிகும், எரிபொருளும் வீணாகாது. அளவு கடப்பின், எரியாது எஞ்சிய ஆவி அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டிபோல் அறையும். நாளடைவில் பிஸ்டன் பிளத்தலும் உருகுதலும் உண்டு. கெட்டரிங் அமைத்த மின்பொறிக் கருவியே இவ்வொலிக்குக் காரணமெனச் சிலர் பழித்தனர். மிட்ஜ்லியோ, குறை எரிபொருளிலேயே உளதெனக் கண்டார்.

பற்பல பொருள்களைப் பெட்ரோலிற் கலந்து சோதித்த அவர், 1921-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், டெட்ரா எத்தில் ஈயம் சிறிதளவே தட்டொலியை அடக்குவதைக் கண்டு மகிழ்ந்தார். 1923-இல் அக்கலவை விற்பனைக்கு வந்தது. அமுக்கம் மிக்க, ஆற்றல் சான்ற இயந்திரங்கள் அதனால் தோன்றலாயின.

ஆயினும், ஈயம் நஞ்சென்பது பண்டே அறிந்த செய்தி. மிட்ஜ்லி தாமே 1923-இல் அந்நஞ்சால் நலிந்து ஓய்வு கொண்டார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் பேவே என்னுமிடத்து ஆலையில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். அம்மாதம் 30-ஆம் நாள் அவர் பத்திரிகையாளர் முன்னிலையில் அத்திரவத்தைக் கைகளிற் பூசி, ஆவியையும் முகர்ந்து, தீங்கில்லையெனக் காட்டினார். தம் உடலே சான்றாக இருந்தும் இங்ஙனம் செய்தது அவர் வாழ்வின் மாசாகும். ஆல்கஹால் கலப்பினும் தட்டொலி அடங்கும் என்பதையும் அவர் முன்னரே அறிந்திருந்தார். 1925-இல் நிறுத்தப்பட்ட விற்பனை 1926-இல் மீண்டும் தொடங்கிற்று.

பின்னர்க் குளிர்ப்பெட்டிகளில் நச்சு வாயுக்களுக்கு ஈடாக ஃப்ரீயான் என்னும் வாயுவை அமைத்தார். அது ஓசோன் படலத்தை அரிக்கும் என்பது அவர் காலத்தில் எவரும் அறியாதது. 1941-இல் பிரீஸ்ட்லி பதக்கம் அவரை அடைந்தது. 1940-இல் இளம்பிள்ளை வாதத்தாற் கால் முடங்கிய அவர், படுக்கையினின்று எழுவதற்குத் தாமே கயிறும் கப்பியும் கொண்டு ஒரு பொறி அமைத்தார். 1944-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் அக்கயிறுகளிற் சிக்குண்டு உயிர் நீத்தார்.

ஈயங்கலந்த பெட்ரோல் வண்டிகளுக்கு விற்பது உலகெங்கும் ஒழிந்தது 2021-இலேயாம். இன்று கடையில் வாங்கிய கருவியைப் பொருத்திப் பொறியை அளவின்றி முற்படுத்துவோன் தன் இயந்திரத்தையே இழப்பான். மிட்ஜ்லியின் துணிவுக்கோ, அவரை அறியாத குழந்தைகளும் விலை கொடுத்தனர். ஆற்றலை நாடும் அறிவு, அதன் விலையை யார் செலுத்துவார் என்பதையும் நாடுதல் வேண்டும்.