ஓய்வைச் சட்டமாக்கியவரின் ஓயாத உடல்

ஆண்டு முழுவதும் இயங்கும் தொழிற்சாலைகளில் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்தது 1946ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்து, அதற்கு வழியமைத்தவர் அண்ணல் அம்பேத்கர். ஊதியத்துடன் கூடிய விடுப்பையும் அவர் காலத்தில்தான் ஆலைத் தொழிலாளர்கள் சட்ட உரிமையாகப் பெற்றனர். ஆனால் அவருடைய சொந்த வாழ்வில் வேலைக்கு வரம்பு இருந்ததே இல்லை.

அந்தப் பழக்கம் வறுமையில் தொடங்கியது. பம்பாய் பரேலில் குடும்பம் முழுவதற்கும் ஒரே அறை. சந்தடி அடங்கிய பின்னிரவு இரண்டு மணிக்குத் தந்தை எழுப்பிவிட, சிறுவன் பீமராவ் படிக்க அமர்வான். லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் திறந்தது முதல் மூடும்வரை வாசிப்பு. விடுதியில் அரைவயிற்று உணவு. மீண்டும் நள்ளிரவுவரை நூல்கள். பிறருக்கு இயல்பாகக் கிடைத்த அமைதியான நேரத்தை அவர் உறக்கத்தையும் உணவையும் கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது.

உழைப்பின் ஒழுங்கைச் சாதி தீர்மானிக்கும் என்பதை அவர் ஆலைகளிலும் கண்டார். அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்த வேண்டும் என்பதால், கூடுதல் ஊதியம் தரும் நெசவுப் பிரிவில் தலித்துகளுக்கு இடமில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது இந்த அநீதியை அவர் எழுப்பினார். குறைந்த கூலி பெறுபவருக்கு உறக்கமும் வேளாவேளைக்கு உணவும் எளிதில் வாய்ப்பதில்லை. உறக்கம் குறைந்தால் இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறன் குறையும். நெடுநேரம் அசையாது அமர்ந்தால் தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்வது தளரும். நீரிழிவுக்குக் காரணங்கள் பல. மரபுக்கும் அதில் பங்குண்டு. வேலை முறையை மட்டும் கணக்கிலிருந்து நீக்கிவிட முடியாது.

அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் சுமை ஏறத்தாழ அவர் ஒருவர் மீதே விழுந்ததை, 1948 நவம்பரில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அவையிலேயே ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே அண்ணலின் உடல் தளர்ந்திருந்தது. நீரிழிவு நரம்புகளைத் தாக்கியது. கால்வலி இரவுகளைப் பறித்தது. 1948 ஏப்ரல் 15இல் அவர் மணந்த மருத்துவர் சவிதா உணவுக் கட்டுப்பாட்டையும் இன்சுலின் ஊசியையும் கவனித்துக்கொண்டார். கோப்புகள் மட்டும் குறையவில்லை. தொழிலாளரின் நோய்க்கால வருமானத்தைக் காக்கும் அரசு ஈட்டுறுதிச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். அதன் தொடக்கப் பணிகள் நடந்தது அவரது துறையில்.

மகாராஷ்டிரத்தில் அவர் நினைவாகப் பதினெட்டு மணி நேரத் தொடர் வாசிப்பு நடத்துகிறார்கள். அதில் அன்பு இருக்கிறது. அந்தப் பதினெட்டு மணி நேரத்திற்கு அவர் உடல் கொடுத்த விலையும் அங்கே பேசப்பட வேண்டும்.

1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவியபோது அவர் மிகவும் நலிந்திருந்தார். டிசம்பர் 5 இரவு, தில்லி அலிப்பூர் சாலை இல்லத்தில், புத்தரும் அவர் தம்மமும் என்ற தம் நூலின் முன்னுரையைத் திருத்துவதற்காக எடுத்துவைத்துக்கொண்டார். மறுநாள் காலை அவர் கண்விழிக்கவில்லை. வயது 65.