தேடி வந்த மார்க்கம்: மதுரையை ஆண்ட கான்சாகிப் வரலாறு

 

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது.

எழுமலையிலிருந்து உசிலம்பட்டி வழியாக மதுரைக்குப் பேருந்தில் செல்வோர், நகருக்குள் நுழையும் முன் காளவாசலைக் கடந்தே செல்கின்றனர். அதனருகில், சம்மட்டிபுரத்தில், தேனி சாலையை ஒட்டிச் சிறியதொரு பள்ளிவாசல் உள்ளது. கான்சாகிப் பள்ளிவாசல் என்று மக்கள் அதனை அழைப்பர். ஒரு காலத்தில் மதுரையையும் திருநெல்வேலியையும் ஆட்சி செய்த முகம்மது யூசுப் கான் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அந்த அடக்கத்தலத்தின் மீது 1808-ஆம் ஆண்டில் அப்பள்ளி எழுப்பப்பட்டது.

மருதநாயகம் என்ற பெயரில் 1997-இல் தொடங்கப்பட்டு முற்றுப்பெறாமல் நின்றுபோன திரைப்படத்தின் வாயிலாக, இன்றைய இளைஞர்கள் பலர் அவரது பெயரை அறிந்துள்ளனர். ஆயினும் மருதநாயகமும் யூசுப் கானும் ஒருவரே என்பதையும், பிறந்த சமயத்தை விட்டு இஸ்லாத்தைத் தழுவிய ஒரு தமிழரின் வாழ்வு அது என்பதையும் நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

பிறப்பும் வீடு துறத்தலும்

இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூர் என்னும் சிற்றூரில், 1725-ஆம் ஆண்டு வாக்கில், வேளாளர் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பெற்றோர் இட்ட பெயர் மருதநாயகம் என்று சிலரும், மதுரநாயகம் என்று சிலரும் கூறுவர். இளமையிலேயே அடங்காத துடிப்புக் கொண்டிருந்த அவர் வீட்டை விட்டு வெளியேறினார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்தார். பின்னர் நெல்லூருக்குச் சென்று, சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து சுபேதார் ஆனார். 1752-இல் ஆங்கிலேயக் கம்பெனியின் படையில் அவர் புகழ்பெறத் தொடங்கியபோது, உலகம் அவரை யூசுப் கான் என்றே அறிந்திருந்தது.

இடைப்பட்ட அந்த ஆண்டுகளில்தான் அவர் இஸ்லாத்தில் இணைந்தார். காரணத்தைக் கூறி அவர் எழுதி வைத்த ஏடு எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. எனவே பிற்காலத்தவர் தத்தம் விருப்பப்படி காரணம் கற்பித்துக் கொண்டனர். பதவிக்காக மாறினார் என்று கூறுவோரும் உண்டு. அவரது வாழ்வை முழுமையாகப் படித்த பின்னரே இக்கூற்றை எடைபோடுவது நீதியாகும்.

போர்க்களத்தில் பெற்ற உயர்வு

கர்நாடகத்தின் நவாப் பதவிக்காக முகம்மது அலியும் சந்தா சாகிபும் மோதிய காலம் அது. ஒருவருக்கு ஆங்கிலேயரும் மற்றவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர். திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது ஆங்கிலப் படைக்கு உணவுப் பொருள்களைக் கொண்டு சேர்ப்பதிலும், எதிரிகளின் நடமாட்டத்தை அறிந்து கூறுவதிலும் யூசுப் கான் காட்டிய திறமை, தளபதி ஸ்டிரிங்கர் லாரன்சின் மனத்தைக் கவர்ந்தது. லாரன்சின் பரிந்துரையால் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் அனைவருக்கும் அவர் தளபதியாக்கப்பட்டார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து தாக்கி முற்றுகையிட்டோரை ஓயவிடாமல் செய்தவர்களுள் யூசுப் கான் முதன்மையானவர். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்.

மதுரையின் ஆட்சியாளர்

அதே 1759-ஆம் ஆண்டில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிருவாகம் குத்தகை முறையில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இடைவிடாத போர்களால் குடிகள் சிதறியிருந்தனர், கண்மாய்கள் பழுதுபட்டிருந்தன, வணிகர்கள் வழிப்பறிக்கு அஞ்சி ஒடுங்கியிருந்தனர். அவர் கண்மாய்களைச் செப்பனிட்டார், கோட்டைகளைப் பலப்படுத்தினார், வணிகத்திற்குப் பாதுகாப்பு அளித்தார். வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரமும், மதுரை நகரின் கான்சாமேட்டுத் தெருவும் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

அவரது வாள் எவருக்கும் தீங்கு செய்யாதது என்று நாம் கூற முற்படலாகாது. மதுரைக்கு வடக்கே கள்ளர் நாட்டு மக்கள் மீது அவர் நடத்திய தாக்குதல்கள் கடுமையானவை. நெற்கட்டும்செவலின் பூலித்தேவரை எதிர்த்துப் பல ஆண்டுகள் போரிட்டு, 1761-இல் அவரது கோட்டைகளைக் கைப்பற்றினார். கம்பெனிக்காகவும் நவாபுக்காகவும் அவர் செய்த போர்கள் அவை. மார்க்கத்திற்காகச் செய்த போர்கள் அல்ல. அவற்றின் புகழையும் பழியையும் மார்க்கத்தின் மீது ஏற்றுவது தகாது.

மதுரையில் அவர் நடந்துகொண்ட விதம் இதனைத் தெளிவாக்குகிறது. போர்க்குழப்பத்தில் வருவாய் குலைந்திருந்த மீனாட்சியம்மன் கோயிலின் செலவுகளுக்குத் தொகை ஒதுக்கி, அங்கு வழிபாடு தடையின்றி நடக்கச் செய்தார் என்று வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். பிறந்த சமயத்தை விட்டு வந்த சிலர், தம் புதிய பற்றை மெய்ப்பிக்கும் பொருட்டுப் பழையதை இழித்துப் பேசுவதை நாம் கண்டிருக்கிறோம். யூசுப் கானுக்கு அதற்கான அதிகாரமும் இருந்தது, படையும் இருந்தது. எனினும் தாம் விட்டு வந்த வழிபாட்டை, அதனை விடாதவர்களுக்காக அவர் காத்து நின்றார். தம் ஈமானில் உறுதியுள்ளவருக்குப் பிறருடைய வழிபாடு அச்சமூட்டுவதில்லை.

அவரது இல்லற வாழ்வும் கருதத்தக்கது. மாசா என்று அழைக்கப்பட்ட அவரது மனைவி, போர்த்துக்கீசிய வழிவந்த கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பெற்றோரின் சமயம் ஒன்று, தமது மார்க்கம் ஒன்று, மனைவியின் சமயம் மற்றொன்று என மூன்றுக்கும் நடுவில் அவர் வாழ்ந்தார்.

முற்றுகையும் முடிவும்

யூசுப் கானின் வளர்ச்சி நவாப் முகம்மது அலியின் உள்ளத்தில் பொறாமையை வளர்த்தது. ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் வீதம் மேலும் நான்கு ஆண்டுகளுக்குக் குத்தகை கேட்ட அவரது வேண்டுகோள் மறுக்கப்பட்டது. அவர் நவாபின் பணியாளரே என்று கம்பெனியும் முடிவு கூறிற்று. தம் உழைப்பால் சீர்பெற்ற நாட்டைக் கைவிட மனமின்றி, 1763-இல் அவர் இருவரையும் எதிர்த்து நின்றார். பிரெஞ்சுக்காரராகிய மார்ச்சண்ட் என்பவர் தம் வீரர்களுடன் அவருக்குத் துணையாக வந்தார்.

அவ்வாண்டு ஆங்கிலேயப் படையும் நவாபின் படையும் இணைந்து மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டன. மழைக்காலம் வரவே அம்முயற்சி தோல்வியுற்றது. 1764-இல் மேஜர் சார்லஸ் காம்ப்பெல் தலைமையில் முற்றுகை மீண்டும் தொடங்கியது. ஜூன் மாதத்தில் நடந்த பெருந்தாக்குதலையும் யூசுப் கான் முறியடித்தார். கோட்டையைத் தாக்கி வெல்ல இயலாது என்று உணர்ந்தவர்கள், உணவு உள்ளே செல்லாதவாறு தடுத்தனர். பசியும் ஐயமும் கோட்டைக்குள் புகுந்தன.

1764 அக்டோபர் 13-ஆம் நாள் அவரது திவான் சீனிவாசராவும், மருத்துவர் பாபா சாகிபும், மார்ச்சண்டும் கூடிச் சதிசெய்து அவரைப் பிடித்துக் கட்டினர். அவ்வேளையில் அவர் தொழுகையில் இருந்தார் என்பது மதுரையில் வழங்கிவரும் செய்தி. அக்டோபர் 15-ஆம் நாள், நவாபின் ஆணைப்படி, சம்மட்டிபுரத்தில் அவர் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டியிருக்கும். அவரது உடல் துண்டிக்கப்பட்டு வெவ்வேறு ஊர்களில் புதைக்கப்பட்டதாகவும் மக்கள் கூறுவர். கான்சாகிபு சண்டை என்ற நாட்டுப்புறக் கதைப்பாடல் அவர் நினைவை நெடுங்காலம் காத்து வந்தது.

அவரது வாழ்வு உணர்த்துவது

பதவிக்காக மாறினார் என்ற கூற்றை இப்போது எடைபோடுவோம். அவருக்கு ஊதியம் அளித்த கம்பெனி கிறித்தவர்களுடையது. அவரைத் தூக்கிலேற்ற ஆணையிட்டவரோ முஸ்லிம் நவாப். அவரைக் காட்டிக் கொடுத்தவர்களுள் இந்துவும் இருந்தார், முஸ்லிமும் இருந்தார், கிறித்தவரும் இருந்தார். இறுதி நாள்களில் இஸ்லாம் அவருக்குப் பதவியையோ பாதுகாப்பையோ தந்துவிடவில்லை. ஆதாயம் கருதி வந்தவராயின், ஆதாயம் அற்றுப்போன அந்நாளில் தொழுகை விரிப்பு அவருக்கு எதற்கு? மக்கள் நினைவில் நிற்பது அந்தத் தொழுகைதான். உள்ளத்தில் உள்ளதை அறிபவன் இறைவன் ஒருவனே. நிர்ப்பந்தத்தாலும் ஆசையாலும் வருவது ஈமான் ஆகாது என்பதை நம் ஆலிம்கள் ஓயாது எடுத்துரைக்கின்றனர். நம் நாட்டின் அரசியல் சட்டமும் 25-ஆம் பிரிவில் மனச்சான்றின் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்கியுள்ளது.

நம் ஜமாஅத்துகளுக்கு இதில் கடமைகள் சில உண்டு. கலிமாச் சொல்லி நம்மிடம் வருபவரை முதல் நாள் கட்டித் தழுவுகிறோம். பின்னர் அவரது பழைய பெயரையும் சாதியையும் விசாரிக்கிறோம். அவர் பிள்ளைக்குப் பெண் கேட்டு வரும்போது தயங்குகிறோம். பள்ளியில் தோளோடு தோள் நின்றவரை நிக்காஹ் பேச்சில் வேறாக நிறுத்துவது எவ்வகையில் நியாயம்? அவ்வாறே, வந்தவர் தம் பெற்றோரைத் துறக்க வேண்டும் என்று எண்ணுவதும் தவறு. மார்க்கம் வேறானாலும் தாய் தந்தையருக்கு நன்மை செய்வது இஸ்லாம் விதித்த கடமையாகும்.

மற்றொன்றையும் மறைக்காமல் சிந்திக்க வேண்டும். தகப்பன் தூக்கிலேறியபோது யூசுப் கானின் மகன் சிறு குழந்தை. அக்குழந்தை பின்னர் தன் தாயின் கிறித்தவ சமயத்திலேயே வளர்க்கப்பட்டது என்று செவிவழிச் செய்தி உண்டு. தேடிப் பெற்ற ஈமானைக் கூடத் தகப்பன் மகனுக்குச் சொத்தாக எழுதி வைக்க இயலாது. நம் வீட்டில் பிறந்த பிள்ளையும் தன் உள்ளத்தால்தான் அதனைப் பெற வேண்டும். அப்பிள்ளை ஐயத்துடன் ஒரு கேள்வி கேட்டால் அதட்டி வாயடைக்கிறோம். வேறு எண்ணம் கொண்டு விலகி நின்றால் ஊரார் முன் அவமதிக்கிறோம். அதட்டலால் பெயர் மட்டுமே வீட்டில் தங்கும், உள்ளம் தங்காது. பொறுமையுடன் விடையளிப்பதும், உறவை அறுக்காதிருப்பதும், அப்பிள்ளைக்காக துஆச் செய்வதுமே பெற்றோருக்கு அழகு.

தேடி வந்தவர்களை மதிக்கும் மனத்தையும், பிறந்து பெற்றதை உணர்ந்து போற்றும் அறிவையும், பிற சமயத்தாருடன் நன்முறையில் வாழும் பண்பையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.