பெல் கர்வ் தந்தவருக்கு கடைசி வரை வேலை கிடைக்கல

நாலாவது செமஸ்டர் ப்ராபபிலிட்டி பேப்பர் ஞாபகம் இருக்கா? எக்ஸாம் ஹால்ல பாதி நேரம் போனதும் நாலஞ்சு பேர் எழுந்து நின்னு டேபிள் கேட்போம். ஓரம் கிழிஞ்ச ஒரு ஸ்டாட்டிஸ்டிகல் டேபிள் புத்தகம் கை மாறி கை மாறி வரும். அதுல இசட் 1-க்கு நேரா 0.3413-ன்னு இருக்கும். அதை ரெண்டால பெருக்கி 0.6826-ன்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம்.

அந்த நம்பரை முதன்முதலா கணக்குப் போட்டவர் யார்னு நான் யோசிச்சதே இல்லை. காஸ்னு நினைச்சிருந்தேன், ஏன்னா அந்த வளைவுக்கு அவர் பெயர்தான் இருக்கு. ஜெர்மனியோட பழைய 10 மார்க் நோட்டுலகூட காஸ் முகத்துக்குப் பக்கத்துல அந்த வளைவு அச்சாகியிருந்தது. ஆனா காஸ் பிறக்குறதுக்கு 44 வருஷம் முன்னாடியே, 1733-ல, லண்டன்ல ஒரு ட்யூஷன் வாத்தியார் அதைக் கண்டுபிடிச்சிட்டார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். ப்ளஸ் டூ காம்ப்ளக்ஸ் நம்பர்ஸ் பாடத்துல வந்த அதே டி மாய்வர்தான்.

ஆப்ரகாம் டி மாய்வர் 1667 மே 26 அன்று ஃபிரான்ஸ்ல வித்ரி-லெ-ஃபிரான்சுவா என்ற ஊரில் பிறந்தார். அப்பா அறுவை மருத்துவர். குடும்பம் புராட்டஸ்டன்ட். நாடு கத்தோலிக்க நாடு. புராட்டஸ்டன்ட்களுக்கு 1598-ல் கொடுத்த வழிபாட்டு உரிமை அவர் பிறந்தப்போ சட்டத்தில் இருந்தது. ஆனா பதினான்காம் லூயி மன்னர் அதைக் கொஞ்சம் கொஞ்சமா நறுக்கிக்கிட்டே வந்தார். டி மாய்வர் பதினொரு வயசுல செடான் ஊர் புராட்டஸ்டன்ட் கல்விக்கூடத்துல சேர்ந்தார். சில வருஷத்துல அரசாங்கம் அதை மூடிடுச்சு. அங்கிருந்து சோமூர், பிறகு பாரிஸ். சோமூர்ல படிக்கும்போது ஹைகன்ஸ் எழுதிய சூதாட்டக் கணக்குப் புத்தகம் கையில கிடைச்சது. சிலபஸ்ல இல்லாத புத்தகம், தானாவே படிச்சார்.

1685 அக்டோபர்ல மன்னர் அந்த உரிமையை மொத்தமா ரத்து செஞ்சார். கோவில்கள் இடிக்கப்பட்டன. லட்சக்கணக்கான பேர் நாட்டை விட்டு வெளியேறினாங்க. அவங்கள்ல டி மாய்வரும் ஒருத்தர். லண்டன் வந்து சேர்ந்தப்போ அவருக்கு இருபது வயசு சுமார். கையில இருந்தது கணக்கு மட்டும்தான்.

அப்புறம் ட்யூஷன். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு வீடு வீடா நடந்து போய்ச் சொல்லிக் கொடுக்குற வேலை. டெவன்ஷயர் பிரபு வீட்டுக்குப் போன ஒரு நாள், புதுசா வந்திருந்த நியூட்டனோட பிரின்சிபியா புத்தகத்தைப் பார்த்தார். புரட்டிப் பார்த்தா புரியல. தனக்குக் கணக்கு நல்லா வரும்னு நினைச்சிருந்தவருக்கு அது பெரிய அடி. ஒரு பிரதி வாங்கினார். உட்கார்ந்து படிக்க நேரம் இல்லாததால பக்கங்களைக் கிழிச்சு சட்டைப்பையில வச்சுக்கிட்டு, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவுல படிச்சார்னு அவர் வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க. பஸ்ல நின்னுக்கிட்டே போன்ல பி.டி.எஃப். படிக்கிறவங்களுக்கு இது புரியும்.

படிச்சது வீண் போகல. 1692-ல் வால்நட்சத்திரப் புகழ் ஹாலியோட பழக்கம் கிடைச்சது. 1697-ல், முப்பது வயசுல, ராயல் சொசைட்டியில் உறுப்பினர் ஆனார். நியூட்டனே நண்பர் ஆனார். வயசான காலத்துல யாராவது கணக்கு சந்தேகம் கேட்டு வந்தா, டி மாய்வர்கிட்ட போங்க, அவருக்கு என்னைவிட நல்லா தெரியும்னு நியூட்டன் அனுப்பி வைப்பாராம். கால்குலஸைக் கண்டுபிடிச்சது நியூட்டனா லைப்னிட்ஸானு 1712-ல் சண்டை முத்தினப்போ, ராயல் சொசைட்டி போட்ட குழுவுல இவரும் ஒருத்தர்.

இவ்வளவு பெரிய ரெஃபரன்ஸ் இருந்தும் ஒரு பல்கலைக்கழகத்துலகூட அவருக்கு வேலை கிடைக்கல. இங்கிலாந்துல அவர் வெளிநாட்டுக்காரர், அகதி. அங்கே பேராசிரியர் பதவிக்கு ஆள் பிடிக்கணும், சொந்த ஊர்க்காரரா இருக்கணும். ஐம்பது வயசுலயும் அறுபது வயசுலயும் அவர் ட்யூஷன் வாத்தியார்தான். மீதி நேரம் செயின்ட் மார்டின்ஸ் லேன் தெருவுல ஸ்லாட்டர்ஸ் காபி ஹவுஸ். அங்கே ஒரு மேஜையில உட்கார்ந்திருப்பார். சூதாடுறவங்க, இன்ஷூரன்ஸ் தொழில்ல இருக்கறவங்க வந்து கணக்கு கேட்பாங்க. காசு வாங்கிக்கிட்டு பதில் சொல்வார்.

அந்த மேஜையில வந்த கேள்விகள் சாதாரணமானவை இல்லை. ஒருத்தன்கிட்ட 10 காசு, இன்னொருத்தன்கிட்ட 90 காசு, ஆட்டம் ரெண்டு பேருக்கும் சமமான ஆட்டம். ஒருத்தன் காலி ஆகுற வரை விளையாடினா யார் காலி ஆவான்? 10 காசுக்காரன் காலி ஆக வாய்ப்பு 90 சதவீதம். ஆட்டத்துல ஏமாத்து வேலை எதுவும் வேண்டாம், எதிராளி பணக்காரனா இருந்தாலே போதும். இந்த மாதிரிக் கணக்குகளுக்குப் பொது வழி சொன்னவர் டி மாய்வர். ராத்திரி ரூம்ல ரம்மி ஆப் திறக்குற நண்பன் உங்களுக்கு இருந்தா இதை மட்டும் சொல்லிடுங்க. 

இதையெல்லாம் தொகுத்து 1718-ல் 'வாய்ப்புகளின் கோட்பாடு' என்ற பொருள்ல ஒரு ஆங்கிலப் புத்தகம் வெளியிட்டார். நியூட்டனுக்குக் காணிக்கை. ப்ராபபிலிட்டிக்கு வந்த முதல் பாடப்புத்தகங்கள்ல அது ஒண்ணு.

இப்போ நம்ம 0.3413-க்கு வருவோம். ஒரு நாணயத்தை 3600 தடவை சுண்டினா தலை சரியா 1800 தடவை விழுமா? விழாது, கொஞ்சம் தள்ளித்தான் விழும். எவ்வளவு தள்ளி? பைனாமியல் ஃபார்முலா நமக்குத் தெரியும். ஆனா 3600 ஃபேக்டோரியலை எப்படிப் போடுறது? நம்ம சயின்டிஃபிக் கால்குலேட்டர்ல 70 ஃபேக்டோரியல் போட்டாலே எரர் காட்டும். 2-ஐ 3600 தடவை பெருக்கினா 1084 இலக்க எண் வரும். அவர்கிட்ட இருந்தது பேனாவும் லாகரிதமும்தான்.

பல வருஷம் அதோட மல்லுக்கட்டி, பெரிய ஃபேக்டோரியலைச் சுருக்கமா கணக்கிட ஒரு வழி கண்டுபிடிச்சார். அதுல ஒரு மாறிலியோட சரியான வடிவம் மட்டும் பிடிபடல. நண்பர் ஜேம்ஸ் ஸ்டெர்லிங் அது 2 பையின் வர்க்கமூலத்தில் இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சார். இன்னைக்கு நாம அந்த முழு ஃபார்முலாவையும் ஸ்டெர்லிங் பெயர்லதான் படிக்கிறோம்!

1733 நவம்பர் 12 தேதியிட்டு, லத்தீன்ல சில பக்கங்களை அச்சடிச்சு நண்பர்களுக்கு மட்டும் கொடுத்தார். நாம பெல் கர்வ்னு சொல்ற வளைவு முதன்முதலா வந்தது அதுலதான். 3600-ன் வர்க்கமூலம் 60, அதுல பாதி 30. தலை 1770-க்கும் 1830-க்கும் நடுவுல விழ வாய்ப்பு 0.682688-ன்னு கணக்குப் போட்டார். நம்ம டேபிள் நம்பரை ரெண்டால பெருக்கினா வர்றது அதேதான். ஸ்டாண்டர்ட் டீவியேஷன்ங்கிற பெயர் வர இன்னும் 160 வருஷம் இருந்தது.

இதுல உண்மையான விஷயம் அந்த வர்க்கமூலம். 4 தடவை சுண்டினா தலை 25-ல் இருந்து 75 சதவீதம் வரை சர்வசாதாரணமா ஆடும். 100 தடவைன்னா 45-ல் இருந்து 55. 3600 தடவைன்னா கிட்டத்தட்ட 49-ல் இருந்து 51. எண்ணிக்கை கூடக் கூட ஆட்டம் அடங்கும், நாணயத்தோட உண்மையான குணம் வெளியே வரும். நாணயம் ஒரு பக்கம் கனமா இருந்தா அதுவும் வெளியே வரும். எது அதிர்ஷ்டம், எது நாணயத்தோட கோளாறுன்னு பிரிச்சுப் பார்க்க நமக்குக் கிடைச்ச ஒரு முக்கியமான கருவி இது.

அவருக்குக் கிடைச்சது என்ன? 1735-ல் பெர்லின் அகாடமி உறுப்பினர் ஆக்கிச்சு. 1754-ல் பாரிஸ் அகாடமி வெளிநாட்டு உறுப்பினரா தேர்ந்தெடுத்தது. எந்த நாட்டுல இருக்க முடியாம ஓடி வந்தாரோ, அதே நாடு. அவர் அதே வருஷம் நவம்பர் 27 அன்று லண்டனில் இறந்தார். வயசு 87. ஆயுள் பென்ஷன் பத்தி 1725-ல் எழுதின புத்தகத்துல கணக்கு சுலபமாக இருக்கட்டும்னு மனுஷ ஆயுளுக்கு 86-ஐ எல்லையா வச்சிருந்தார். அவரே அதைத் தாண்டிட்டார். தினமும் கால் மணி நேரம் கூடுதலா தூங்கி, 24 மணி நேரம் ஆன அன்னைக்கு இறந்தார்னு ஒரு கதை உண்டு. அது கதைதான். 1733 தாள்களும் மறந்து போச்சு. கார்ல் பியர்சன் 1924-ல் எடுத்துச் சொன்ன பிறகுதான் பலருக்குத் தெரிய வந்தது.

நான் ஏன் இவரைப் பத்தி எழுதினேன்னு சொல்லிடறேன். இது எங்க பேட்ச்சோட ப்ளேஸ்மென்ட் சீசன். இதுவரைக்கும் நாலு கம்பெனி, நாலுலயும் என் பெயர் லிஸ்ட்ல இல்லை. நாலாவது தடவை ராத்திரி சாப்பிடாம படுத்தப்போ, நான் லாயக்கு இல்லைன்னு முடிவே பண்ணிட்டேன். அப்புறம்தான் இவரைப் படிச்சேன். நாலுங்கிறது ரொம்பச் சின்ன எண். நாலு தடவை சுண்டி எந்த நாணயத்தைப் பத்தியும் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

ஆனா தொடர்ந்து முயற்சி பண்ணா கிடைக்கும்னு முடிக்க எனக்கு மனசு வரல. அவர் அறுபது வருஷத்துக்கு மேல லண்டன்ல இருந்தார், கிடைக்கல. அது துரதிர்ஷ்டம் இல்லை, நாணயமே கோணல். அந்தக் கோணலுக்கும் அவர் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை. லிஸ்ட்ல பெயர் வராத ராத்திரி இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. மெஸ்ஸுக்குப் போய் சாப்பிடுங்க. எனக்கு அஞ்சாவது கம்பெனி வர்ற வியாழக்கிழமை.