மயிலைக் காவலன்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். எனக்குக் கதை, கவிதை எல்லாம் வராது. நாற்பது வருஷத்துக்கு முன் நம் கல்லூரி மேடையில் ஒரு ராஜாவைப் பற்றிப் பேசிக் கோப்பை வாங்கினேன். அவனைப் பற்றியே, இந்தத் தடவை கொஞ்சம் ஒழுங்காக, எழுதிவிடுகிறேன்.

அவன் மூன்றாம் நந்திவர்மன். பல்லவ அரசன். நந்திக் கலம்பகம் அவனை மல்லைக்கும் மயிலைக்கும் தலைவனாகப் பாடுகிறது. நம்ம மயிலாப்பூர் ராஜா என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அவனைத் தேர்ந்தெடுத்தேன். பேச்சு முழுக்க அவன் சாவைப் பற்றித்தான். பகையாளியான தம்பி அறம் வைத்துக் கலம்பகம் பாடினானாம். கேட்டால் உயிர் போகும் என்று தெரிந்தும் ராஜா பந்தல் பந்தலாக நகர்ந்து கேட்டானாம். கடைசிப் பாட்டைச் சிதையில் அமர்ந்து கேட்டு எரிந்து போனானாம். கைதட்டல் அடங்க ரொம்ப நேரமாயிற்று.

இறங்கி வந்ததும் சரித்திர வாத்தியார் தோளில் தட்டினார். இது எந்தக் கல்வெட்டில் இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். நான் முழித்தேன். கோப்பை கையில் கனத்தது.

எந்தக் கல்வெட்டிலும் இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. கதையைச் சொல்கிற தொண்டைமண்டல சதகமே அவனுக்கு எண்ணூறு வருஷம் பிந்தியது. கல்லும் செப்பேடும் சொல்கிற நந்திவர்மன் வேறு ஆள்.

அப்பா தந்திவர்மன் காலம் சோதனைக் காலம். ராஷ்டிரகூட மூன்றாம் கோவிந்தன் காஞ்சியை வென்று கப்பம் வாங்கிய செய்தி 804ஆம் ஆண்டுச் செப்பேட்டில் இருக்கிறது. தெற்கே பாண்டியர்கள் காவிரிக் கரையைத் தாண்டி மேலே வந்துகொண்டிருந்தார்கள். தந்திவர்மனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் இருக்கிறது. கோயில் நிலம் அடகுக்குப் போய், சுவாமிக்கு அமுதுபடி குறைந்து, ஒருவர் அதை மீட்டுக் கொடுத்த சமாசாரம் அதில் வருகிறது. நம் பீச் ரோட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள்.

பிள்ளை சுமார் 846இல் பட்டத்துக்கு வந்ததாகக் கணக்கு. அப்பாவிடம் கப்பம் வாங்கிய அதே ராஷ்டிரகூடர் குலத்தில் சங்கா என்ற இளவரசியை மணந்தான். வடக்கே பகை தணிந்தது. பிறகு தெற்கே திரும்பினான். வந்தவாசிப் பக்கத்துத் தெள்ளாற்றில் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனை முறியடித்தான். காஞ்சிக்கு எவ்வளவு கிட்டத்தில் சண்டை நடந்தது என்று மேப்பில் பார்த்தால் விளங்கும். அங்கே தோற்றிருந்தால் தலைநகரே போயிருக்கும். அதனால்தான் கல்வெட்டுகள் அவனைத் தெள்ளாறெறிந்த நந்திவர்மன் என்றே எழுதுகின்றன. ஜெயம் நிரந்தரமில்லை. பாண்டியன் பின்னால் குடமூக்கில், அதாவது கும்பகோணத்தில், பல்லவரையும் அவர் கூட்டாளிகளையும் வென்றதாகச் சின்னமனூர்ச் செப்பேடு சொல்கிறது. ஆளுக்கு ஒரு செப்பேடு, ஆளுக்கு ஒரு வெற்றி!

என்னை அசத்தியது கடலுக்கு அப்பால் கிடைத்த ஒரு கல். தென் தாய்லாந்தின் தக்குவாபாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு. அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்து வணிகர் பாதுகாப்பில் விட்ட செய்தி அதில் இருக்கிறது. அவனிநாரணன் என்பது நந்திவர்மனின் பட்டப்பெயர். நம்ம ஊர் வியாபாரிகள் கப்பலேறிப் போன இடத்தில் குளம் வெட்டி, ராஜா பேரை வைத்திருக்கிறார்கள். பேச்சுப் போட்டியில் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

சுமார் 869இல் அவன் காலம் முடிந்தது. எப்படி இறந்தான் என்று எந்தச் சாசனமும் சொல்லவில்லை. மகன் நிருபதுங்கன் பட்டத்துக்கு வந்தான். அவனுடைய 8ஆம் ஆட்சியாண்டுச் செப்பேடு புதுச்சேரிக்கு அருகே பாகூரில் கிடைத்தது. அங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது அந்தக் காலத்துக் காலேஜுக்கு, மூன்று கிராமங்களை விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது நம் ஹாஸ்டல் மெஸ் பில் ஞாபகம் வந்தது. மூன்று கிராமம் இருந்திருந்தால் சாம்பாரில் கொஞ்சம் பருப்பாவது கண்ணில் பட்டிருக்கும்.

வாத்தியார் இப்போது இல்லை. கோப்பை எங்கள் வீட்டு ஷெல்பில் கறுத்துப்போய் இருக்கிறது. சந்திப்புக்கு வரும்போது எடுத்து வருகிறேன். அடுத்த பேச்சுப் போட்டியில் தெள்ளாற்றைப் பற்றியோ தக்குவாபாவைப் பற்றியோ பேசுகிற பையனுக்கோ பெண்ணுக்கோ அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்துவிடலாம் என்று உத்தேசம்.