மருந்து நூல் தந்த மாமேதை லி ஷிஜென்

முன்னுரை

நூல்கள் நமக்கு நல்ல நண்பர்கள் என்று பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம். அந்த நண்பனே நமக்குத் தவறான வழியைக் காட்டிவிட்டால் என்ன ஆகும்? கணக்குப் புத்தகத்தில் ஓர் எண் மாறி அச்சாகிவிட்டால் நமக்கு இரண்டு மதிப்பெண் குறையும். மருந்துப் புத்தகத்தில் ஒரு வேரின் பெயர் மாறிவிட்டாலோ ஓர் உயிரே போய்விடும். இவ்வுண்மையை உணர்ந்து, தம் வாழ்நாளில் 26 ஆண்டுகளை ஒரே நூலுக்காக உழைத்த சீன மருத்துவர் லி ஷிஜென் அவர்களின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் குடும்பமும்

சீன நாட்டின் நடுப்பகுதியில் ஓடும் யாங்சி ஆற்றின் கரையில், ஹூபெய் மாநிலத்தில், சீஜோ என்னும் ஊர் உள்ளது. அங்கு 1518ஆம் ஆண்டு லி ஷிஜென் பிறந்தார். அப்போது மிங் பேரரசர்கள் சீனத்தை ஆண்டு வந்தனர். இவருடைய பாட்டனார் கையில் மணியை ஆட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று வைத்தியம் பார்த்தவர். தந்தையார் லி யென்வென் கற்றறிந்த மருத்துவர். ஜின்செங் வேரைப் பற்றியும், தம் ஊரில் விளையும் மாசிப்பத்திரி வகைச் செடியைப் பற்றியும் நூல்கள் எழுதியவர்.

இருப்பினும் தம் மகன் மருத்துவன் ஆவதைத் தந்தை விரும்பவில்லை. அக்காலச் சீனத்தில் மருத்துவருக்குச் சமூகத்தில் போதிய மதிப்பு இல்லை. அரசுத் தேர்வில் வென்று பதவி பெறுபவரையே எல்லாரும் வணங்கினர். ஆகவே மகன் படித்து அதிகாரியாக வேண்டும் என்பதே தந்தையின் கனவாக இருந்தது.

தேர்வில் தோல்வி

சிறு வயதிலிருந்தே நோயால் மெலிந்திருந்தாலும் லி ஷிஜென் ஊக்கத்துடன் படித்தார். தம் 14ஆம் வயதில் முதல் நிலைத் தேர்வில் வெற்றியும் பெற்றார். அடுத்தது மாநிலத் தேர்வு. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே நடைபெறும் அத்தேர்வை அவர் மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் தோல்வியே கிடைத்தது. அரசாங்கப் பொதுத்தேர்வை எதிர்நோக்கி நிற்கும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நமக்கு அந்த இளைஞனின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

இதற்கிடையில், அவருக்கு 20 வயதானபோது கடுமையான நோய் ஒன்று வந்தது. இருமலும் காய்ச்சலும் மாதக்கணக்கில் நீடித்தன. உடல் நெருப்பாய்க் கொதித்தது. உறக்கம் இல்லை, உணவு செல்லவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் பிழைக்கமாட்டார் என்றே எண்ணினர். அவருடைய தந்தைக்கு, பழைய மருத்துவ ஆசான் ஒருவர் இத்தகைய காய்ச்சலுக்கு எழுதி வைத்திருந்த முறை நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு வேரை, இரண்டு கிண்ணம் நீர் ஒரு கிண்ணமாகச் சுண்டும் வரை காய்ச்சிக் கொடுத்தார். மறுநாளே காய்ச்சல் தணிந்தது, இருமலும் நின்றது. சரியான நூலைச் சரியாகப் படித்தவர் அருகில் இருந்தால் ஓர் உயிர் மீளும் என்பதை லி ஷிஜென் தம் உடம்பிலேயே கண்டுகொண்டார். இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் தம் நூலிலும் நன்றியோடு குறித்து வைத்தார்.

மூன்றாம் தோல்விக்குப் பின், தமக்கு மருத்துவமே கற்றுத்தர வேண்டும் என்று தந்தையிடம் மன்றாடினார். தந்தையும் மனம் இரங்கினார்.

மருத்துவப் பணி

அதன்பின் லி ஷிஜென் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வெளியுலகை மறந்து படித்தார். தந்தையுடன் இருந்து நாடி பார்க்கப் பழகினார். ஏழை எளியோருக்கு வைத்தியம் செய்தார். நாடித் தேர்வைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல், மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்யும் வண்ணம் பாட்டு நடையில் அமைந்தது.

அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைக்கு விளக்குத் திரியின் கரியைத் தின்னும் வழக்கம் இருந்தது. அந்த வாடை பட்டாலே அழுது அடம்பிடிக்கும். நம் ஊரில் மண் தின்னும் குழந்தைகளைக் கண்ட தாய்மார்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வயிற்றுப் பூச்சியே காரணம் என்று லி ஷிஜென் கண்டு, பூச்சி மருந்து கொடுத்துக் குணமாக்கினார். இவ்வாறு அவர் புகழ் பரவியது. சூ நாட்டு இளவரசர் அவரைத் தம் அரண்மனையில் பணியில் அமர்த்தினார். பின்னர்த் தலைநகரில் இருந்த பேரரசின் மருத்துவக் கழகத்திற்கும் அழைக்கப்பட்டார். ஆனால் அவர் அங்கே நெடுங்காலம் தங்கவில்லை. பதவியை விட்டு ஊர் திரும்பினார்.

நூல்களில் கண்ட பிழைகள்

பழைய மருந்து நூல்களைக் கற்கக் கற்க அவருக்குக் கவலை பெருகியது. ஒரே செடி இரண்டு பெயரில் இரண்டு செடியாக எழுதப்பட்டிருந்தது. வெவ்வேறான இரண்டு செடிகள் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் கொடியது ஒன்று உண்டு. உடலுக்கு வலிமை தரும் ஹுவாங்ஜிங் என்னும் கிழங்கும், உண்டாரைக் கொல்லும் கௌவென் என்னும் நச்சுச் செடியும் ஒன்றே எனக் கொள்ளுமாறு ஒரு புகழ்பெற்ற நூலில் பிழை நேர்ந்திருந்தது. அதை நம்பி மருந்து கொடுத்தால் நோயாளியின் கதி என்ன?

இன்னொரு தீங்கும் இருந்தது. பாதரசத்தை உண்டால் சாவே வராது என்று சிலர் நம்பினர். அக்காலப் பேரரசரே சாகா மருந்தைத் தேடிக்கொண்டிருந்தார். அத்தகைய காலத்திலும் பாதரசம் நஞ்சு என்றும், அதை உண்டு எத்தனையோ பேர் உடல் கெட்டும் உயிர் இழந்தும் போயினர் என்றும் லி ஷிஜென் அஞ்சாமல் எழுதினார்.

26 ஆண்டு உழைப்பு

1552ஆம் ஆண்டு அவர் தம் பெருநூலைத் தொடங்கினார். நம் முத்துக்குளித்துறை மக்கள் போற்றும் புனித சவேரியார், சீனத்திற்குள் செல்ல வேண்டும் என்ற ஆவலுடன் அதன் கடற்கரைக்கு எதிரே உள்ள சான்சியன் தீவில் உயிர்நீத்ததும் அதே 1552ஆம் ஆண்டுதான் என்பதை நாம் நினைவுகூரலாம்.

லி ஷிஜென் ஏறத்தாழ 800 நூல்களை ஆராய்ந்தார். அத்துடன் நிற்கவில்லை. காடு மேடுகளில் அலைந்தார். உழவர், மீனவர், வேடர், விறகு வெட்டுவோர் ஆகியோரிடம் கேட்டுக் கற்றார். எறும்புண்ணி எறும்பைத் தின்னும் விதம் பற்றிப் பழைய நூலில் ஒரு கதை இருந்தது. அவர் அதன் வயிற்றை அறுத்துப் பார்த்தார். உள்ளே ஒரு படி அளவு எறும்பு இருக்கக் கண்டார். சிரித்துக்கொண்டே பறித்த ஊமத்தைப் பூவைக் குடித்தால் சிரிப்பு வரும், ஆடிக்கொண்டே பறித்ததைக் குடித்தால் ஆட்டம் வரும் என்று மக்கள் கூறினர். அதையும் தாமே குடித்துச் சோதித்தார். பாதி மயக்கத்தில் இருக்கும்போது அருகில் ஒருவர் சிரித்தோ ஆடியோ தூண்டினால்தான் அவ்வாறு நிகழ்கிறது என்று கண்டு எழுதினார். ஊமத்தை கொடிய நஞ்சு. நாம் யாரும் இச்சோதனையில் இறங்கக் கூடாது!

மூன்று முறை திருத்தி எழுதி, 1578இல் நூலை முடித்தார். மகன்களும் பேரன்களும் சீடரும் உதவினர். 'பென்சாவ் காங்மு' என்பது அதன் பெயர். அதில் 52 பகுதிகள், 1,892 மருந்துப் பொருள்கள், 11,000க்கு மேற்பட்ட மருந்து முறைகள், 1,100க்கு மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றுள் 374 பொருள்கள் அவரே புதிதாகச் சேர்த்தவை.

கண்ணால் காணாத வெற்றி

நூல் முடிந்தும் துயரம் முடியவில்லை. இவ்வளவு பெரிய நூலை மரப்பலகைகளில் செதுக்கி அச்சிடப் பெரும் பொருள் வேண்டும். யாரும் முன்வரவில்லை. 1580இல், 60 வயதைக் கடந்த அம்முதியவர் புகழ்பெற்ற அறிஞர் வாங் ஷிசென் அவர்களை நாடிச் சென்று முன்னுரை வேண்டினார். அம்முன்னுரை கிடைத்தது 1590ஆம் ஆண்டில்! பத்தாண்டுகள் அவர் பொறுமையோடு காத்திருந்தார். அதன்பின் நான்ஜிங் நகரப் பதிப்பாளர் ஒருவர் அச்சிட முன்வந்தார். 1593இல் லி ஷிஜென் மறைந்தார். 1596இல் நூல் வெளிவந்தது. அதைக் கையில் ஏந்திப் பார்க்கும் பேறு அவருக்குக் கிடைக்கவில்லை. மகன் பேரரசரிடம் கொண்டு சென்றபோதும், படிப்பதற்கு வைத்துக்கொள்ளுமாறு குறித்ததற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

ஆயினும் நல்ல விதை முளைக்காமல் போகுமா? 1607இல் அந்நூல் ஜப்பானை அடைந்தது. 1735இல் சேசு சபைத் துறவி தூ ஹால்த் பாரிஸ் நகரில் வெளியிட்ட சீன நாட்டு வரலாற்றில் அதன் சில பகுதிகள் பிரெஞ்சு மொழியில் இடம்பெற்றன. 2011ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலகின் நினைவுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

முடிவுரை

லி ஷிஜென் எழுதியதிலும் பிழைகள் உண்டு. அவர் கூறிய மருந்துகள் யாவும் இன்றைய சோதனையில் தேறுவன அல்ல. அழிந்து வரும் எறும்புண்ணியின் செதில், 2020ஆம் ஆண்டுச் சீன அரசின் மருந்துத் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டது. பிழையைத் திருத்தியவரின் நூலை அடுத்து வருவோர் திருத்துவது அவருக்குச் செய்யும் மரியாதையே ஆகும்.

தூ யூயூ என்ற சீனப் பெண்மணி, நான்காம் நூற்றாண்டில் கெ ஹோங் எழுதிய மருத்துவ நூலில் ஒரு குறிப்பைக் கண்டார். காய்ச்சலுக்கான பச்சிலையைக் கொதிக்க வைக்காமல், நீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும் என்பதே அது. அந்தச் சிறு குறிப்பைப் பற்றிக்கொண்டு, 1972இல் மலேரியாவுக்கு மருந்து கண்டார். நோயாளிக்குக் கொடுக்குமுன் தாமே உண்டு சோதித்தார். 2015இல் நோபல் பரிசும் பெற்றார். நானூறு ஆண்டுகளுக்கு முன் லி ஷிஜென் நடந்த பாதையும் இதுவேயன்றோ?

அன்புத் தோழியரே! நாமும் நூல்களைப் போற்றிப் படிப்போம். படித்ததைக் கண்ணால் கண்டும் பெரியோரைக் கேட்டும் தெளிவோம். தேர்வில் ஒருமுறை தவறிவிட்டால் வாழ்வே முடிந்தது என்று மனம் கலங்கமாட்டோம். மூன்று முறை தோற்ற ஒருவரைக் கொண்டு எத்தனையோ நோயாளிகளுக்கு நலம் தந்த இறைவன், நம் ஒவ்வொருவருக்கும் ஒரு நற்பணியை வைத்திருப்பார் என்று நம்பி உழைப்போமாக!